கொஞ்சம் லூசு இருக்கோணும்

கண்ணு,

இந்தக் கடிதத்தை உன் துணிப்பைக்குள் வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி வைத்தால் ஈரோடு தாண்டிய பிறகுதான் உன் கண்ணில் படும். நீயும் பெங்களூர் போய்ச் சேர்ந்துவிடுவாய், நானும் உன் முகத்தைப் பார்க்காமல் தப்பித்துவிடுவேன். என் புத்தி எனக்குத் தெரியும். அதனால்தான் இதை உன் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில், டம்ளரை மேலே வைத்துவிட்டுப் போகிறேன். மூன்று தடவை வாயால் சொல்லப் பார்த்தேன். மூன்று தடவையும் "சாப்புட்டயா சாமி" என்று கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். எழுதினால் பேச்சை மாற்ற முடியாது பார். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது. முழுவதும் படித்துவிட்டுக் கிளம்பு, இல்லை கிளம்பாமல் இரு, அது உன் இஷ்டம்.

நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுப் பார்க்காமல் உள்ளே விடமாட்டேன். பூட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்த்து, தெரு முனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பேன். கடைக்காரர் புது டயர் என்று கொடுத்ததை நகத்தால் சுரண்டி, இது பழைய டயருக்கு மேலே ரப்பர் ஒட்டினது என்று அங்கேயே கண்டுபிடித்தவள் நான். உன் அப்பா போன பிறகு அவர் ஓட்டிய ஸ்கூல் வேனை நானே ஓட்ட ஆரம்பித்தபோது, பொம்பளை ஓட்டுவதா என்று யோசித்த பெற்றோர்கூட இந்தச் சந்தேக புத்தியைப் பார்த்துத்தான் பிள்ளைகளை ஏற்றி அனுப்பினார்கள். "அந்தம்மா ஆரையும் நம்பாதுங்க, நம்ம கொழந்தைக்கு அதுதானுங்க வேணும்" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. வெள்ளகோவில் முழுக்க எனக்குக் கிடைத்த நல்ல பெயர் அது ஒன்றுதான். அதை நான் ரொம்பப் பெரிதாக நினைத்துக்கொண்டேன்.

உன்னையும் அப்படித்தான் வளர்த்தேன். எட்டாவது படிக்கும்போது டியூஷனுக்குப் போகிறேன் என்று கிளம்புவாய். எனக்கென்னவோ நீ கிரிக்கெட் ஆடப் போகிறாய் என்றே தோன்றும். ஒரு நாள் வண்டியை எடுத்துக்கொண்டு உன் பின்னாலேயே வந்து, வாத்தியார் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். முதல் வரிசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். நீயும் என்னைப் பார்த்துவிட்டாய். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே, "நாளைக்கும் வாரீங்களாம்மா? வெயிலு சாஸ்தி, கொடை எடுத்துட்டு வாங்க" என்றாய். நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை என்பதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

இனி வேன் விஷயத்துக்கு வருகிறேன். கோடை விடுமுறை முடிகிற சமயம் வேனில் டக்டக் என்று ஒரு சத்தம், இழுவையும் இல்லை. நீ கோயமுத்தூரில் ஆறு வருஷம் பெரிய ஒர்க்‌ஷாப்பில் வேலை கற்று, நம்மூரில் சொந்தமாக ஷெட் போட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மேல் மூடியைக் கழற்றி, கேம் ஷாஃப்டைக் காட்டினாய். வால்வை அழுத்தித் திறக்கிற மேடுகள் அதில் வரிசையாக இருந்தன. இரண்டு மேடுகள் தேய்ந்து மழுங்கிப் போயிருந்தன. புது ஷாஃப்ட் வாங்கிப் போட்டாய். அதைச் சுற்றுவதற்குக் கீழேயிருந்து ஒரு செயின் வருகிறது, அதற்கு டைமிங் செயின் என்று பெயர், அது ஒரு பல் தாண்டினாலும் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொண்டு இன்ஜின் போய்விடும் என்று நீதான் எனக்கு விளக்கினாய். பதினோரு குழந்தைகள் ஏறுகிற வண்டி. நான் உன் தலைக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தேன்.

என் போனில் லைட் அடிக்கச் சொன்னாய். ஸ்பேனரைப் போட்டு இன்ஜினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றினாய். வெள்ளைப் பெயின்ட்டில் வைத்த குறிகள் நேருக்கு நேர் வந்து நின்றன. செயினை விரலால் அழுத்திப் பார்த்தாய், மறுபடி சுற்றி மறுபடி அழுத்தினாய். பக்கத்தில் டென்ஷனர் என்று ஒன்று இருந்தது, செயின் தளராமல் ஸ்பிரிங்கால் தள்ளிப் பிடிக்கிற சாமான். அது எவ்வளவு தூரம் வெளியே வந்திருக்கிறது என்றுகூட அளந்து பார்த்தாய். நான் விடுவேனா?

"செயின் சரியா இருக்குதா கண்ணு?"

"இருக்குதுங்மா."

"லூசு கீசு இல்லீல்ல?"

"கொஞ்சம் லூசு இருக்குதுங்மா. அது இருக்கோணும்."

"லூசு எதுக்கு இருக்கோணும்? டைட்டா வெச்சுப் போட்டா என்ன?"

"ரொம்ப டைட்டு வெச்சா கைடைத் தின்னுபோடுங்மா. செயின் உரசிக்கிட்டு ஓடுற பிளாஸ்டிக்கு இது. இது போச்சுன்னா செயின் தாவிப் போயிரும். அளவா லூசு இருந்தாத்தான் நிம்மதியா ஓடும்."

எவ்வளவு பொறுமையாகச் சொன்னாய்! என் காதில் விழுந்ததோ ஒரே ஒரு சொல்தான். லூசு இருக்குது. மற்றதெல்லாம் சால்ஜாப்பு என்று என் மனசு முடிவு கட்டிவிட்டது. நம் பக்கத்தில் யார்தான் முகத்துக்கு நேரே தப்பை ஒத்துக்கொள்கிறார்கள்? தையல்காரர் தோள்பட்டையைத் தளரத் தைத்துவிட்டு, "அது அப்படித்தானுங்க இருக்கோணும்" என்பார். கொத்தனார் சுவரைக் கோணலாகக் கட்டிவிட்டு அதையேதான் சொல்வார். நீயும் அதே வாக்கியத்தைச் சொன்னாயா, அவர்களோடு உன்னையும் சேர்த்துவிட்டேன். நீ என் மகன் என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பள்ளி திறந்து ஒரு வாரம் ஓட்டினேன். சத்தம் எதுவும் இல்லை. சத்தம் இல்லாததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. சிக்னலில் நின்றால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், பக்கத்து வண்டியின் சத்தம்கூட நம் வண்டியின் சத்தமாகத் தெரியும். சனிக்கிழமை மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். வெறும் வேனை எடுத்துக்கொண்டு காங்கயம் போனேன். ஆமாம் கண்ணு. உனக்குத் தெரியாமல், நீ செய்த வேலையை இன்னொரு மெக்கானிக்கிடம் திறந்து காட்டினேன். திரும்பி வரும்போது மறக்காமல் புண்ணாக்கும் வாங்கி வந்தேன், அந்த அளவுக்குச் சாமர்த்தியம்.

அந்த மனிதர் மேல் பழி போடாதே. யாரென்றும் நான் எழுதப் போவதில்லை. அவர் மூடியைக் கழற்றி, நீ செய்த மாதிரியே சுற்றிப் பார்த்து, அழுத்திப் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங்க அம்மணி, வேலை சுத்தமாத்தானுங்க இருக்குது. ஆரு பாத்தது?" என்று கேட்டார். அங்கேயே நான் திரும்பி வந்திருக்க வேண்டும். பெருமையாக என் மகன்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "லூசு இருக்குதுன்னு பாத்த பையனே சொல்லிப் போட்டானுங்க. கொழந்தைங்க போற வண்டிங்க. நல்லா டைட் பண்ணிக் குடுங்க." அவர் தலையைச் சொறிந்தார். "அது அளவாத்தானுங்க இருக்குது..." என்று இழுத்தார். நான் விடவில்லை. நம் ஊர் மரியாதை உனக்குத் தெரியுமே, வந்த ஆளிடம் முடியாது என்று சொல்ல நமக்கு வாய் வராது. "சரிங்க, நீங்க இத்தனை சொல்றீங்க, ஸ்பிரிங்குக்குப் பின்னால ஒரு வாஷர் வெச்சு டைட் பண்ணிப் போடறனுங்க" என்றார். அந்த "சரிங்க"வில் சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதே "சரிங்க"வை ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறவள்தானே நானும். தெரிந்துதான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு நிம்மதியாக ஓட்டினேன். அதுதான் எனக்கு இப்போது பொறுக்கவில்லை. இரண்டு மாதம் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டினேன். மூன்றாவது மாதம் ஒரு காலையில், கரூர் ரோட்டில், பதினோரு குழந்தைகளும் உள்ளே இருக்கும்போது, தகரத்தில் கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம். அதோடு சரி, வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் எப்படி ஒடித்துத் திருப்பினாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். லாரி ஜன்னலை உரசுகிற மாதிரி போனது. ஒவ்வொரு பிள்ளையாகக் கையைப் பிடித்து வேலி ஓரமாக இறக்கினேன். எல்லாரையும் இறக்கி எண்ணினேன், பத்துதான் வந்தது. திரும்ப வேனுக்குள் ஓடினேன். யூகேஜி படிக்கிற குட்டி சீட்டுக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அந்த நேரத்திலும் என் மனசு என்ன செய்தது தெரியுமா? இது யார் தலையில் விழும் என்று யோசித்தது.

வேனை உன் ஷெட்டுக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். நீ மேல் மூடியைத் திறந்தாய். கைடு துண்டு துண்டாகக் கிடந்தது, செயின் தாவியிருந்தது, வால்வுகள் வளைந்திருந்தன. டென்ஷனரைக் கழற்றினாய். ஸ்பிரிங்குக்குப் பின்னாலிருந்து ஒரு வாஷர் உன் உள்ளங்கையில் விழுந்தது. அதை நீ திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு எண்ணெய் கசியாமல் மூடியை ஒட்டுகிற பேஸ்ட் காய்ந்திருந்த விளிம்பைத் தடவிப் பார்த்து, "இந்தப் பேஸ்ட்டு சாம்பக் கலரா இருக்குது, நான் கருப்பு தானுங்மா போடுவேன்" என்றாய்.  நீ நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டாய்.

"நடுவுல வேற ஆராச்சும் தெறந்தாங்களாம்மா?"

"இல்லியே. ஆரு தெறப்பாங்க?"

அவ்வளவுதான், வேறு ஒன்றும் நீ கேட்கவில்லை. "அப்ப நான்தான் மறதியில மாத்தி வெச்சுருப்பனாட்ட இருக்குதுங்மா" என்று சொல்லிவிட்டு வாஷரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாய். வாஷரும் பேஸ்ட்டும் உன் கண் முன்னால் சாட்சி சொல்லின. அதையெல்லாம் தள்ளிவிட்டு என் வாய்ச்சொல்லை எடுத்துக்கொண்டாய். எதையும் இரண்டு சுற்று சுற்றிப் பார்க்காமல் மூடாத பிள்ளை, அம்மா சொன்னதை மட்டும் சுற்றிப் பார்க்கவே இல்லை. உன்னை நான் ஒரு நாளும் அப்படி நம்பியதில்லை கண்ணு. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலமே பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டார்கள், வண்டியை யார் சர்வீஸ் பார்த்தது என்று. "என்ற பையன்தானுங்க" என்று போட்டேன். பொய் இல்லை, உண்மையுமில்லை. அந்த ஒரு வரி என்னவெல்லாம் செய்ததென்று நீ கூடவே இருந்து பார்த்தாய். நீ பதினோரு வீட்டுக்கும் நடந்து போய், வாசலில் நின்று, "என்ற தப்புதானுங்க, மன்னிச்சுப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாய். சர்வீஸுக்கு விட்டிருந்த இரண்டு வண்டிகளை ஒரே வாரத்தில் எடுத்துக்கொண்டு போனார்கள். புதிதாக யாரும் வரவில்லை. நம் வேனைக்கூட வேறு இடத்தில் சரி செய்த பிறகுதான் பெற்றோர் என்னை ஓட்ட விட்டார்கள். அதைக்கூட நீ தாங்கியிருப்பாய். உன் கை மேலேயே உனக்குச் சந்தேகம் வந்துவிட்டதே, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு நட்டை முறுக்கிவிட்டு மறுபடி கழற்றி முறுக்குவாய். ஒவ்வொரு வேலைக்கும் போனில் போட்டோ எடுத்து, வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்பாய். போன மாதம் கதவைப் பூட்டிவிட்டுத் தெரு முனை வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்த்தாய். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னையே பார்த்த மாதிரி இருந்தது. அடுத்த வாரம் ஷெட்டைக் காலி செய்துவிட்டு, பெங்களூரில் ஏதோ கொரியர் கம்பெனி குடோனில் பெட்டி அடுக்கப் போகிறேன் என்றாய். "எனக்கு மறதி வந்துருச்சுங்மா, இன்ஜினெல்லாம் இனி தொடக் கூடாது" என்றாய். இருபத்தெட்டு வயசில் மறதி என்று நீ சொன்னபோதும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் மறைத்தேன் என்று நீ கேட்பாய். பதிலை எத்தனையோ விதமாக அழகுபடுத்திப் பார்த்தேன், ஒன்றும் நிற்கவில்லை. பயம்தான். பெத்த மகனையே நம்பாமல் இன்னொருவனிடம் கொண்டுபோனாளாம், அவன் நல்லா இருக்குது என்று சொல்லியும் கேட்காமல் டைட் பண்ணச் சொன்னாளாம் என்று ஊர் பேசும். இந்தம்மா கூடவா நம் குழந்தை போகிறது என்று கேட்பார்கள். என் பெயரைக் காப்பாற்ற உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். அம்மாவாக இருந்து உனக்கு ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமென்றால் இது ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது: இன்ஜினைச் சந்தேகப்படு, எத்தனை தடவை வேண்டுமானாலும் சுற்றிப் பார், அது கோபித்துக்கொள்ளாது. மனுஷர் மேல் சந்தேகம் வந்தால் அவர்கள் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடு. பதில் பிடிக்காவிட்டால் சண்டை போடு. பின்னால் போய் ஜன்னலில் எட்டிப் பார்க்காதே. நாளைக்கு உனக்குக் கல்யாணமாகி ஒருத்தி வந்தாலும் இதேதான். அம்மா சொன்னாள் என்பதற்காக எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதே. இந்தக் கடிதத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதனால் நீ விசாரித்துப் பார்க்க வழி செய்திருக்கிறேன். நேற்றுக் காலை நடந்தே பதினோரு வீட்டுக்கும் போனேன், நீ போன அதே வரிசையில்.  முதல் வீட்டுப் பெண் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க, உங்ககிட்ட ஒரு பொய்யச் சொல்லிப் போட்டனுங்க" என்று ஆரம்பித்தேன். பதினோரு தடவை முழுக்கதையும் சொன்னேன். நாலு வீட்டில் இனி பிள்ளையை என்னோடு அனுப்பமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதையும் மரியாதையாகத்தான் சொன்னார்கள், "வேற வண்டி பாத்துக்கறமுங்க" என்று. அந்த யூகேஜி குட்டியின் அப்பா மட்டும் மரியாதை பார்க்கவில்லை. "உங்களயப் பத்தி இருக்கட்டும். அந்தப் பையன் என்ற ஊட்டு வாசல்ல வந்து கை கூப்பி நின்னானே, அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார்.  கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். மதியம் குரூப்பிலும் எல்லாவற்றையும் எழுதினேன். நீ அந்தக் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டதால் உனக்குத் தெரியாது. யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்.

"நீ என்னை மன்னிப்பாய் என்று நம்புகிறேன்" என்று இந்த இடத்தில் எழுதினேன். அடித்துவிட்டேன். அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை. பெங்களூர் போகாதே என்றும் சொல்லமாட்டேன். பிடித்திருந்தால் போ, கோபத்தில் போனாலும் போ, என் முகத்தில் முழிக்க வேண்டாம் என்று போனாலும் சரி. கை சரியில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டு அந்தப் பஸ்ஸில் ஏறாதே. அன்றைக்கு நான்தான் லைட் அடித்தேன், இரண்டு கண்ணாலும் பார்த்தேன், நீ செய்த வேலை அத்தனையும் சரி.

நீ எதையும் மறக்கவில்லை கண்ணு. நான்தான் மறைத்தேன்.

அம்மா